நாட்டுச் சட்டமும் நம் நிகாஹும்

ஒரே பாலினத்தைச் சேர்ந்த இருவர் சட்டப்படி தம்பதிகளாக முடியுமா என்ற வழக்கு 2023-ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டில் நடந்தது. அப்போது நம் வீடுகளில் தொடங்கிய பேச்சு இன்னும் ஓய்ந்தபாடில்லை. கல்லூரிக்குச் சென்று வரும் பிள்ளைகள், “இதில் யாருக்கு என்ன நஷ்டம்?” என்று கேட்கிறார்கள். ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வராந்தாவில் அமரும் பெரியவர்கள், “கியாமத் நெருங்கிவிட்டது” என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள். கேட்ட பிள்ளைக்கு விடை கிடைப்பதில்லை. சொன்ன பெரியவருக்கும் விஷயம் தெளிவதில்லை.

காரணம், மூன்று வேறு கேள்விகளை நாம் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம். மார்க்கத்தில் இது ஆகுமா, ஆகாதா என்பது ஒரு கேள்வி. நம் மார்க்கத்தைப் பின்பற்றாதவர்களுக்கு நாட்டுச் சட்டம் என்ன உரிமை வழங்கலாம் என்பது இன்னொரு கேள்வி. அதை முடிவு செய்ய வேண்டியது கோர்ட்டா, பார்லிமெண்டா, பெரும்பான்மை ஜனங்களா என்பது மூன்றாவது கேள்வி. முதல் கேள்விக்கு நம் கையில் தெளிவான விடை இருக்கிறது. அந்த விடையையே எடுத்து மற்ற இரண்டுக்கும் ஒட்டிவிடுகிறோம். மூன்றாவது கேள்விக்கு யோசனையின்றி நாம் சொல்லும் பதில், நாளை நம் தலையிலேயே வந்து விழக்கூடியது. ஆகவே அதற்கே இக்கட்டுரையில் அதிக இடம் தருகிறோம்.

முதல் கேள்வியை நீட்ட வேண்டியதில்லை. நிகாஹ் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையே ஈஜாப், கபூலுடன் நடைபெறும் ஒப்பந்தம். இதில் நான்கு மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு கிடையாது. லூத் (அலை) அவர்களின் சமூகத்தாரைப் பற்றித் திருமறை பல ஸூராக்களில் எடுத்துரைப்பதும் யாவரும் அறிந்ததே. ஒரே பாலினத்தார் உடலுறவு கொள்வது ஹராம். எந்தக் கோர்ட்டு என்ன தீர்ப்புச் சொன்னாலும் இது மாறப்போவதில்லை.

ஆயினும் இங்கே ஒரு நுட்பம் உண்டு. நம்மில் பலர் இதைக் கவனிப்பதில்லை. ஃபிக்ஹு சட்டம் செயலைப் பற்றித்தான் தீர்ப்புச் சொல்லுகிறது. நெஞ்சில் எழும் நாட்டத்தைப் பற்றியன்று. உள்ளத்தில் தோன்றும் எண்ணங்களைச் செயலாக்காத வரையிலும், வாயால் வெளியிடாத வரையிலும் இந்த உம்மத்துக்கு அல்லாஹுத்தஆலா மன்னிப்பளித்திருக்கிறான் என்ற கருத்துடைய ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்துள்ளது. எனவே, தன்னை அறியாமல் ஒரு பிள்ளைக்கு அத்தகைய நாட்டம் இருப்பதாலேயே அப்பிள்ளை பாவியாகிவிடுவதில்லை. (பிறவியிலேயே ஆண், பெண் என்று பிரித்தறிய முடியாத ‘குன்ஸா’ பற்றிய மஸ்அலா முற்றிலும் தனியானது. அவர்களுடைய தொழுகை, வாரிசுப் பங்கு முதலியவற்றுக்கு நம் இமாம்கள் தனிப் பாடமே எழுதி வைத்திருக்கிறார்கள். அதை இதனோடு போட்டுக் குழப்பக்கூடாது.)

வழக்கில் கேட்டது என்ன?

இருபதுக்கும் மேற்பட்ட மனுக்கள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, ஐந்து நீதிபதிகள் அடங்கிய பெஞ்சு 2023 ஏப்ரல் 18 முதல் மே 11 வரை பத்து நாட்கள் விசாரித்தது. மனுச் செய்தவர்கள் முக்கியமாகக் கேட்டது, 1954-ஆம் ஆண்டின் விசேஷ விவாகச் சட்டத்தின் கீழ்த் தங்களுக்கும் பதிவு செய்யும் உரிமை வேண்டும் என்பதே. வேறு வேறு மதத்தைச் சேர்ந்தவர்களும், மதச் சடங்கை விரும்பாதவர்களும் ரிஜிஸ்திரார் ஆபீசில் மணம் முடித்துக்கொள்வதற்கென ஏற்பட்ட சட்டம் அது. விண்ணப்பம் கொடுத்து, நோட்டீஸ் ஒட்டி, முப்பது நாட்கள் ஆட்சேபணைக்குக் காத்திருந்து, மூன்று சாட்சிகளுடன் கையெழுத்திடுவது அதன் முறை.

இதனால் அவர்களுக்கு என்ன ஆகவேண்டியிருந்தது? கூட வாழ்பவர் ஆஸ்பத்திரியில் நினைவிழந்து கிடந்தால் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் உரிமை, இறந்தால் மய்யித்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை, பென்ஷன், இன்ஷூரன்ஸ், ரேஷன் கார்டு, தத்தெடுத்தல் ஆகியவை அவர்களது வாதங்களில் அடிபட்டன. பத்திரிகைத் தலைப்புகளை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த விவரங்கள் தெரிந்திருக்க நியாயமில்லை.

மத்திய அரசாங்கம் எதிர்த்தது. கணவன், மனைவி, அவர்கள் பிள்ளைகள் என்பதே இந்தியக் குடும்பம் என்றும், மாற்றம் செய்வதாயின் அது பார்லிமெண்டின் வேலை என்றும் வாதாடியது. ஜம்இய்யத்துல் உலமாயே ஹிந்தும் வழக்கில் தலையிட்டு, ஆண் பெண் இணைப்பே விவாகத்தின் அடிப்படை என்று மனுத் தாக்கல் செய்தது. விசாரணையின் தொடக்கத்திலேயே, எந்த மதத்தின் தனியார் சட்டத்துக்குள்ளும் தாங்கள் செல்லப்போவதில்லை, விசேஷ விவாகச் சட்டத்தை மட்டுமே பார்ப்போம் என்று நீதிபதிகள் கூறிவிட்டனர். “காஜியாரை வற்புறுத்தி இரண்டு ஆண்களுக்கு நிகாஹ் ஓதச் சொல்வார்கள்” என்று அந்நாட்களில் நம் தெருக்களில் உலவிய பேச்சுக்கு ஆதாரமே இருக்கவில்லை.

2023 அக்டோபர் 17-இல் தீர்ப்பு வந்தது. விவாகம் செய்துகொள்வது அரசியல் சட்டம் தரும் அடிப்படை உரிமையன்று, விசேஷ விவாகச் சட்டத்தைக் கோர்ட்டு மாற்றி எழுத இயலாது என்று ஐவரும் ஒருமனதாகக் கூறினர். விவாகம் இல்லாவிட்டாலும் இணைந்து வாழ்வதற்கு ஒரு சட்ட அங்கீகாரமும் தத்தெடுக்கும் உரிமையும் உண்டு என்று தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கௌலும் கருதினர். நீதிபதிகள் ரவீந்திர பட், ஹிமா கோஹ்லி, நரசிம்மா ஆகிய மூவரும் அதற்கு உடன்படவில்லை. ஆக மூன்றுக்கு இரண்டு. மறுபரிசீலனை மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. இடையே 2024-இல் அரசாங்கம் அமைத்த கமிட்டியை ஒட்டி, இத்தகையோர் ஒரே ரேஷன் கார்டில் சேரவும், பாங்கில் கூட்டுக் கணக்கு வைத்து நாமினியாக நியமித்துக்கொள்ளவும் தடையில்லை என்ற அறிவிப்புகள் வெளியாயின.

சட்டம் அனுமதித்தால் ஹலாலாகிவிடுமா?

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நாட்டுச் சட்டம் ஒன்றை அனுமதிப்பதால் அது நமக்கு ஆகுமானதாகிவிடும் என்ற அச்சம் பலரிடம் காணப்படுகிறது. சற்று நம் தெருவையே பாருங்கள். நம் மாநிலத்தில் 2003-ஆம் ஆண்டு முதல் சாராயக் கடைகளை அரசாங்கமே நடத்தி வருகிறது. வட்டி வாங்குவதும் கொடுப்பதும் சட்டபூர்வம். லாட்டரி சில மாநிலங்களில் சட்டபூர்வம். இவற்றால் மது ஹலாலாயிற்று என்று எந்த முஸ்லிமாவது ஃபத்வாக் கேட்டதுண்டா? அதே விசேஷ விவாகச் சட்டத்தில் ஒரு முஸ்லிம் வாலிபர் சிலை வணங்கும் பெண்ணை மணந்தால் சர்க்கார் ரிஜிஸ்தரில் அவர்கள் கணவன் மனைவியே. மார்க்கத்தில் அது நிகாஹ் ஆகாது. அப்படி மணந்த முஸ்லிமின் சொத்துக்கு ஷரீஅத் வாரிசுச் சட்டம் பொருந்தாமல் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்பதும் அநேகருக்குத் தெரியாத செய்தி. எழுபது ஆண்டுகளாக இந்தச் சட்டம் நம் பக்கத்திலேயே இருந்து வருகிறது. நம் பள்ளிவாசல் தப்தரில் அதனால் ஓர் எழுத்தும் மாறியதில்லை.

முஸ்லிம்கள் ஆட்சி செய்த காலத்திலும் இதுபோன்ற ஒரு பிரச்சினை வந்ததுண்டு. அதை நம் ஆலிம்கள் மேடைகளில் அதிகம் எடுத்துச் சொல்வதில்லை. பாரசீகத்து மஜூஸிகள், அதாவது நெருப்பு வணங்கிகள், தாயையும் மகளையும் சகோதரியையும் மணக்கும் வழக்கம் உடையவர்களாக இருந்தனர். இதைக் காட்டிலும் முஸ்லிம் உள்ளம் அருவருக்கும் காரியம் ஏது? கலீஃபா உமர் இப்னுல் கத்தாப் (ரலி) அவர்கள் தமது மரணத்துக்கு ஓராண்டு முன்பு, மஜூஸிகளில் மஹ்ரமானவர்களைப் பிரித்துவிடும்படி கடிதம் எழுதினார்கள் என்று புகாரியில் காணப்படுகிறது. ஆனால் நடைமுறையில் பிற்காலத்தில் அவர்கள் அவ்வாறே விடப்பட்டிருந்தனர். ஹிஜ்ரி நூறாம் ஆண்டையொட்டி ஆட்சி புரிந்த உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்களுக்கு இது மனத்தை உறுத்தியது. முன்சென்ற கலீஃபாக்கள் இதை ஏன் அனுமதித்து வைத்தார்கள் என்று ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களிடம் எழுதிக் கேட்டார்கள். தங்கள் கொள்கைப்படி விடப்பட வேண்டும் என்பதற்காகத்தான் அவர்கள் ஜிஸ்யா செலுத்துகிறார்கள், நீங்கள் முன்னோர் வழியைப் பின்பற்ற வேண்டியவரேயன்றிப் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டியவர் அல்லர் என்ற கருத்தில் ஹஸன் பஸரீ அவர்கள் பதில் எழுதினார்கள். ஹனஃபி சட்ட நூல்களில் இச்செய்தி எடுத்தாளப்படுகிறது. ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டின் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களும், அவர்களது வேதத்தில் அது ஆகுமானதாக இருந்து, வழக்கை அவர்கள் நம் காஜியிடம் கொண்டுவராத வரையில் விட்டுவிடுவது பற்றி விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள்.

இதிலிருந்து நாம் எதைப் பெறுகிறோம், எதைப் பெறவில்லை என்பதில் எச்சரிக்கை தேவை. ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்கள் அந்த விவாகத்தை நல்லதென்று சொல்லவில்லை. முஸ்லிம்கள் அதைப் போற்றவேண்டும் என்றும் சொல்லவில்லை. மேலும் அது ஆளுவோர் குடிகளுக்குக் காட்டிய சகிப்பு. நாமோ இன்று ஆளுவோரும் அல்லர், ஜிஸ்யா செலுத்தும் குடிகளும் அல்லர், சம உரிமையுள்ள பிரஜைகள். எனவே அந்தச் சட்டத்தை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. ஆனால் ஒரு விஷயம் நிச்சயம். பிறர் தங்களுக்குள் செய்துகொள்ளும் ஒன்றை மனத்தால் வெறுப்பதும், அதைச் சட்டத்தால் தடுத்தே ஆகவேண்டும் என்பதும் ஒன்றே என்று நம் முன்னோர்கள் நினைக்கவில்லை. வாளும் செங்கோலும் கையிலிருந்தபோதே அவர்கள் அப்படி நினைக்கவில்லை.

பெரும்பான்மை என்னும் வாதம்

இனி மூன்றாவது கேள்வி. வழக்கு நடந்த நாட்களில் நம்மவர் பலர் கையிலெடுத்த வாதம் இது: “இந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் இதை விரும்பவில்லை. ஜனநாயகத்தில் பெரும்பான்மை சொல்வதே சட்டம். ஐந்து நீதிபதிகள் யார் இதை முடிவு செய்ய?” கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் வாதந்தான். ஆனால் இந்நாட்டு மக்களில் ஏழில் ஒருவராக உள்ள நாம் இதைச் சொல்வதற்கு முன் ஸ்விட்சர்லாந்தைச் சற்றே எட்டிப் பார்க்கவேண்டும்.

அந்நாட்டில் முக்கியமான விஷயங்களை ஜனங்களே நேரடியாக ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். உலகிலேயே சுத்தமான ஜனநாயகம் அதுதான் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். அங்கே வாங்கன் என்ற சிற்றூரில் துருக்கியச் சகோதரர்கள் சிலர் தங்கள் தொழுகைக் கட்டடத்தின் மேல் ஆறு மீட்டர் உயரத்தில் ஒரு மினாரா கட்ட விரும்பினார்கள். அக்கம்பக்கத்தார் ஆட்சேபித்தார்கள். வழக்கு மேல் கோர்ட்டு வரை சென்று, முஸ்லிம்களுக்கு அனுமதி கிடைத்தது. கோர்ட்டில் தோற்றவர்கள் ஜனங்களிடம் சென்றார்கள். கையெழுத்துத் திரட்டி, நாடு முழுவதும் ஓட்டெடுப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2009 நவம்பர் 29-இல் நடந்த ஓட்டெடுப்பில் 57.5 சதவீதம் பேர் மினாரா கூடாது என்று வாக்களித்தனர். அந்நாட்டு அரசாங்கமும் பார்லிமெண்டும் இதை நிராகரிக்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டும் பயனில்லை. மினாராக்கள் கட்டப்படலாகாது என்ற வாசகம் அந்நாட்டு அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டது. அப்போது அத்தேசம் முழுவதும் இருந்த மினாராக்கள் எத்தனை தெரியுமா? நான்கு! அந்த நான்கிலிருந்தும் பாங்கு ஒலித்ததில்லை. முஸ்லிம்களின் தொகையோ சுமார் நான்கு லட்சம்.

இது முதல் தடவையும் அன்று. அந்நாட்டில் ஜனங்களின் முன்முயற்சியால் நடந்த முதல் ஓட்டெடுப்பே 1893-ஆம் ஆண்டில், பிராணியை மயக்கமூட்டாமல் அறுப்பதைத் தடை செய்வதற்காக நடந்தது. பிராணிகளிடத்தில் இரக்கம் என்று வெளியே சொல்லப்பட்டது. அடி யூதர்களின் மேல் விழுந்தது. சுமார் 60 சதவீதம் பேர் ஆதரித்து அது சட்டமாயிற்று. யூதர்களுக்கு அன்று போட்ட பூட்டு, பின்னாளில் குடியேறிய முஸ்லிம்களின் ஹலால் அறுப்புக்கும் பூட்டாயிற்று. பிறகு 2021 மார்ச் 7-இல் பொது இடத்தில் முகத்தை மூடலாகாது என்ற தடை 51.2 சதவீத ஓட்டில் நிறைவேறியது.

அதே ஆண்டு செப்டம்பர் 26-இல் அதே ஜனங்கள் இன்னோர் ஓட்டெடுப்புக்குச் சென்றார்கள். ஒரே பாலினத்தார் விவாகம் செய்துகொள்ளலாம் என்ற சட்டத்துக்கு 64.1 சதவீதம் ஆதரவு கிடைத்தது. 2022 ஜூலை முதல் அது அமலுக்கு வந்தது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். “பெரும்பான்மை சொல்வதே முடிவு” என்று நாம் இங்கே வாதாடினால், ஸ்விட்சர்லாந்தில் நிகாபைத் தடுத்த முடிவையும் நாம் ஏற்றாக வேண்டும். அந்தத் தம்பதிகளுக்கு விவாக உரிமை தந்த முடிவையும் ஏற்றாக வேண்டும். பெரும்பான்மைக்கு நிலையான மார்க்கம் ஏது? இன்று ஒரு பக்கம் சாயும், நாளை மறுபக்கம் சாயும். ஹராம் ஹலாலுக்கு அது அளவுகோலாகாது என்று பள்ளிவாசலில் போதிக்கும் நாமே, கோர்ட்டு வாசலில் மட்டும் அதைத் தராசாகப் பிடிப்பது எவ்வாறு பொருந்தும்?

நம் நாட்டு அனுபவமும் இதையே காட்டுகிறது. 1985-இல் ஷாபானு வழக்கில் கோர்ட்டின் தீர்ப்பு நமக்கு உவப்பாக இல்லாதபோது பார்லிமெண்டிடம் சென்றோம். 1986-இல் சட்டம் வந்தது. 2019-இல் அதே பார்லிமெண்டு, ஒரே மூச்சில் முத்தலாக் சொல்பவருக்கு மூன்றாண்டு வரை ஜெயில் என்று சட்டம் செய்தது. 2024 பிப்ரவரியில் உத்தராகண்ட் சட்டசபை பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் அது அமலுக்கு வந்தபோது, விவாகம், தலாக், வாரிசுரிமை ஆகியவற்றில் அம்மாநில முஸ்லிம்களின் தனியார் சட்டம் ஒதுக்கப்பட்டது. மலைவாழ் பழங்குடியினருக்கு விலக்கு உண்டு, நமக்கு இல்லை. விவாகமின்றிச் சேர்ந்து வாழும் ஆணும் பெண்ணும் அதிகாரியிடம் பதிவு செய்யாவிட்டால் தண்டனை என்றும் அச்சட்டம் கூறிற்று. அந்த வாழ்க்கை நமக்கு ஹராம்தான். ஆயினும் வீட்டுக் கதவைத் தட்டி யார் யாருடன் இருக்கிறார்கள் என்று கேட்கும் அதிகாரத்தை அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டால், அது அந்த ஒரு கதவோடு நின்றுவிடுமா?

பெரும்பான்மைக்குச் சட்டசபை இருக்கிறது. எண்ணிக்கை குறைந்தவனுக்கு, ஓட்டுக்கு அப்பாற்பட்டவை என்று சில உரிமைகள் எழுதி வைக்கப்பட்டிருந்தால்தான் உண்டு. அந்த எழுத்தைக் காப்பதில் நமக்கும், நமக்குச் சிறிதும் பிடிக்காத வேறு சிலருக்கும் ஒரே அக்கறை இருப்பது தவிர்க்க முடியாதது. 2017 ஆகஸ்டு 24-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். மனிதன் எதை உண்ண வேண்டும், எப்படி உடுத்த வேண்டும் என்று அரசாங்கம் சொல்வதை எவரும் விரும்பமாட்டார் என்ற கருத்தை அவர்களில் ஒருவர் எழுதினார். மாட்டிறைச்சிக்காகவும் ஹிஜாபுக்காகவும் நிற்கும் நமக்கு இதைவிட வேறு துணை எது? தன்பாலின நாட்டமும் அந்தரங்கத்தின் ஒரு பகுதி என்று கூறியதும் அதே தீர்ப்புத்தான். 1860-ஆம் ஆண்டில் வெள்ளையர் எழுதிய 377-ஆம் பிரிவு, வயது வந்தோர் தம் விருப்பத்துடன் செய்வதற்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6-இல் சொல்லப்பட்டது இதன் மேல் நின்றே.

கர்நாடகத்து மாணவிகளின் ஹிஜாப் வழக்கு 2022 அக்டோபர் 13-இல் சுப்ரீம் கோர்ட்டில் ஒன்றுக்கு ஒன்று என்று இரு நீதிபதிகளிடையே பிளவுபட்டது. பள்ளி வாசலில் ஒரு பெண் பிள்ளையை ஹிஜாபைக் கழற்றச் சொல்வது அவளது அந்தரங்கத்துக்கும் கண்ணியத்துக்கும் இழைக்கும் தீங்கு என்று எழுதினார் நீதிபதி தூலியா. அந்தரங்கம், கண்ணியம் என்னும் இந்த இரண்டு சொற்களே 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்புக்கும் அஸ்திவாரம். ஒரே கிணற்றில் இரண்டு வீட்டார் தண்ணீர் எடுக்கும்போது, பக்கத்து வீட்டார் மேலுள்ள கோபத்தில் யாரும் கிணற்றைத் தூர்ப்பதில்லை.

அப்படியானால் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

இல்லை. ஜம்இய்யத்துல் உலமா கோர்ட்டுக்குச் சென்றதைச் சிலர் குறை கூறினர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். பொதுச் சபையில் தன் கொள்கையைச் சொல்வதற்கு எல்லாருக்கும் உள்ள உரிமை முஸ்லிமுக்கும் உண்டு. மதத்தைச் சார்ந்த கருத்து என்பதாலேயே அது பேசத் தகாதது என்பவர்கள் ஜனநாயகத்தைப் பாதியாக வெட்டுகிறார்கள். குடும்பம், பிள்ளை வளர்ப்பு, வம்சாவழி இவற்றைப் பற்றி ஷரீஅத் என்ன கருதுகிறது, ஏன் கருதுகிறது என்பதை அறிவுடன் எடுத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். நம் மத்ரஸாக்களிலும் இமாம்களின் மேலும் நிர்ப்பந்தம் வரலாகாது என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 2013-ஆம் ஆண்டு இத்தகைய விவாகச் சட்டம் வந்தபோது, எந்த மத ஸ்தாபனத்தையும், எந்த மத குருவையும் அதை நடத்தும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று சட்டத்திலேயே எழுதி வாங்கினார்கள். அப்படி உஷாராக இருப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் வாதத்தை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். “இது இந்தியக் கலாச்சாரத்துக்கு விரோதம்” என்று அரசாங்கம் சொன்னபோது நம்மவர் சிலர் கைதட்டினார்கள். எது இந்தியக் கலாச்சாரம் என்று தீர்மானிக்கும் கோலை இன்று அவர்கள் கையில் நாமே தூக்கிக் கொடுத்துவிட்டு, நாளை நம் புர்காவையும், மத்ரஸாவையும், ஏன், நம் பெயர்களையுமே அதே கோலால் அளக்கும்போது என்ன சொல்லப் போகிறோம்? ஒரு கூட்டத்தார் மேலுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்யலாகாது என்ற கருத்து ஸூரத்துல் மாயிதாவின் எட்டாம் வசனத்தில் உள்ளது. ஏசுவதும், கேலிப் படங்களைக் கைப்பேசியில் பரப்புவதும் வாதமாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

வீட்டுக்குள் வரும்போது

இதுவரை பேசியது நாட்டைப் பற்றி. ஆனால் தாய்மார்கள் அஞ்சுவது நாட்டை நினைத்தன்று. தம் பிள்ளையை நினைத்துத்தான். மதுரையைச் சேர்ந்த இரு இளம் பெண்கள் ஒன்றாக வாழ விரும்பிச் சென்னைக்கு வந்துவிட, பெற்றோர் காணவில்லை என்று போலீசில் புகார் கொடுத்த வழக்கு ஒன்று சென்னை ஹைகோர்ட்டுக்கு வந்தது. 2021 ஜூன் 7-இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் பிறப்பித்த உத்தரவில், வயது வந்தவர்கள் தம் இஷ்டப்படி இருப்பது தெரிந்தால் போலீசார் அப்புகாரை முடித்துவிட வேண்டும், துன்புறுத்தலாகாது என்றும், இந்த நாட்டத்தை மாற்றுவதாகச் சொல்லி வைத்தியம் செய்வது தடுக்கப்பட வேண்டும் என்றும் கூறப்பட்டது. 2022-இல் தமிழக அரசாங்கம் போலீசாரின் நடத்தை விதிகளிலேயே இதைச் சேர்த்தது. 2025 மே 22-இல், வேலூர் மாவட்ட வழக்கு ஒன்றில், குடும்பத்தார் பிடித்து வைத்திருந்த ஒரு பெண்ணை விடுவித்த ஹைகோர்ட்டு, தாமே தெரிந்துகொண்டு அமைக்கும் குடும்பமும் குடும்பமே என்ற கருத்தை ஏற்றது. எனவே வயது வந்த பிள்ளையை அடைத்து வைப்பதும், சங்கிலியால் பிணைத்து எங்கேனும் கொண்டுபோய் விடுவதும், பேயோட்டுபவரிடம் ஒப்படைப்பதும் சட்டப்படி வினையாக முடியும். அடியும் பூட்டும் எந்த நெஞ்சையும் தவ்பாவின் பக்கம் திருப்பியதாக நாம் கேள்விப்பட்டதும் இல்லை.

பெற்றோர் தம் நம்பிக்கையைப் பிள்ளையிடம் மறைக்க வேண்டியதில்லை. இது மார்க்கத்தில் ஆகாது என்று தெளிவாகவே சொல்லலாம். சொல்லிய பிறகும் அவன் மகன்தான், அவள் மகள்தான். நூஹ் (அலை) அவர்கள் தம் சொல் கேளாத மகனை வெள்ளம் சூழும் கடைசி நொடி வரையில், “என் அருமை மகனே” என்றே விளித்தார்கள்.

மஹல்லாவுக்கும் இங்கே கடமை உண்டு. அதில் முதலாவது, துருவித் துருவி ஆராயாதிருத்தல். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எடுத்தெழுதும் ஒரு நிகழ்ச்சி உண்டு. கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஓரிரவு ஒரு வீட்டின் சுவரேறிக் குதித்து, உள்ளே ஒருவன் பாவத்தில் இருக்கக் கண்டு அதட்டினார்கள். அவனோ, நான் செய்தது ஒரு குற்றம், தாங்கள் செய்தவை மூன்று என்றான். உளவு பார்க்காதீர்கள் என்பது இறைவன் கட்டளை, பார்த்தீர்கள். வீடுகளுக்கு வாசல் வழியே வாருங்கள் என்பது கட்டளை, சுவரேறினீர்கள். ஸலாம் கூறி அனுமதி பெறாமல் பிறர் வீட்டில் நுழையாதீர்கள் என்பது கட்டளை, நுழைந்தீர்கள் என்று அடுக்கினான். அமீருல் மூமினீன் அவர்கள் கோபிக்கவில்லை. மன்னித்தால் திருந்துவாயா என்று கேட்டு, அவன் சம்மதிக்கவே, வந்த வழியே திரும்பிவிட்டார்கள்.

இக்காலத்தில் சுவரேற வேண்டிய சிரமம் இல்லை. பிள்ளையின் கைப்பேசியைப் பறித்து, அதிலுள்ள படத்தை எடுத்து, மஹல்லாக் குழுவில் அனுப்பிவிடுகிறார்கள். பெயரும் தெருவும் சேர்த்து! ஒரு வயசுப் பெண்ணைப் பற்றி, அல்லது இரு நண்பர்களைப் பற்றி, யாரோ சொன்னதை ஜமாஅத் ஆபீஸில் புகாராக எழுதிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஒழுக்கமுள்ள பெண்களின் மீது பழி சுமத்தி நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு எண்பது கசையடி என்றும், அதன் பின் அவர் சாட்சியம் என்றென்றும் ஏற்கப்படாது என்றும் ஸூரத்துந் நூரின் நான்காம் வசனம் கூறுகிறது. ஆண்களின் மீது சுமத்தும் பழிக்கும் இச்சட்டத்தையே இமாம்கள் பொருத்தினார்கள். புகார் மனுவைக் கையில் வாங்கும் முத்தவல்லி, “நான்கு சாட்சிகள் எங்கே?” என்று முதலில் கேட்கட்டும். இல்லையென்றால் அந்தக் காகிதத்தை அவர் முன்னிலையிலேயே கிழித்துப் போட்டுவிட்டு, பரப்பப்பட்ட படத்தை அழிக்கச் சொல்லட்டும்.